மூச்சை நல்லா இழுங்க

மின்விசிறியை நிறுத்தியாயிற்று, ஜன்னலைச் சாத்தியாயிற்று, ஜன்னல் இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்தாயிற்று, மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன மைக் வைத்த ஹெட்போனையும் காதில் மாட்டியாயிற்று, இனி பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எந்த மென்பொருளில் என்பதில் தனிஸ்லாஸ் முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டு கிடந்தான். திரையில் மூன்று மென்பொருளின் படங்கள் வரிசையாக இருந்தன. முதலாவது கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது, அதில் சிவப்பாக ஒரே ஒரு பொத்தான், வேறொன்றும் கிடையாது. இரண்டாவது நீல நிறம், காலையில் பூசை முடிந்து வந்ததும் இறக்கியது, முப்பது நாளைக்கு இலவசம், உங்கள் பேச்சில் உள்ள தடங்கல்களை நாங்களே நீக்கித் தருகிறோம் என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. மூன்றாவது சாம்பல் நிறம், என்றைக்கும் இலவசம், திறந்தால் ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பு காட்டுகிற பெட்டி மாதிரி கோடுகளும் எண்களுமாக விரிந்து பயமுறுத்தியது. நீலத்தை இறக்கும்போது அந்த ஒரு வரியை அவன் நாலு தடவை வாசித்தான். தடங்கல்களை. யாரோ இவனைத் தெரிந்த ஆள் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது. அதனாலேயே அதைத் தொடப் பிடிக்கவில்லை, அதனாலேயே அதன்மேலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அடுப்படியில் மனைவி மெற்றில்டா சாளை மீனைச் செதில் உரசுகிற சத்தம் கேட்டது. இதுவும் பதிவில் விழுமோ. விழும். அவளிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும். சொல்லலாம், ஆனால் எதற்கு என்று கேட்பாள், கேட்டால் இதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இதை அவளிடம் அவன் சொல்லவில்லை.

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பேசினால் பத்து வினாடிச் சமாசாரம். தூத்துக்குடியில் அவன் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்குப் புது மெஷின் வந்து இரண்டு மாதமாகிறது. நோயாளி படுத்த பலகை உள்ளே போகும்போது மூச்சை இழு, பிடி, விடு என்று மெஷினே குரல் கொடுக்கும், அழகான குரல், ஆனால் தமிழில் இல்லை. படுத்திருக்கிறவர்கள் எந்தப் பொம்பளை பேசுகிறாள் என்று தலையைத் தூக்கித் தேடினார்கள், தேடினால் படம் கலைந்துபோகும். அதனால் அந்தக் குரலை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற டெக்னீஷியனே மைக்கில் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. பழைய மெஷினுக்கு இரண்டு பேர் உட்காருவார்கள், தனிஸ்லாஸ் படம் எடுப்பான், மற்றவர் மைக்கில் சொல்லிவிடுவார்; இதற்கு ஒருத்தரே போதும். மற்ற இரண்டு பேரும் சொன்னார்கள். தனிஸ்லாஸும் சொன்னான், அதாவது சொல்லப் பார்த்தான். நாற்பத்தொரு வயதில் அவனுக்குத் தெரிந்த அத்தனை தந்திரமும் அந்தக் கண்ணாடி அறையில் கைவிட்டுப் போயிற்று. 'மூச்சை' என்று தொடங்க வேண்டிய இடத்தில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு விடாது, அதனால் 'நல்லா இழுங்க' என்று தொடங்கினான். ஒரு ஆள் கையை இழுத்தார். 'விடலாம்' வராத இடத்தில் 'போதும்' என்று சொன்னான். ஒரு அம்மா போதும் என்றதும் எழுந்து செருப்பைத் தேடினாள். வாழ்நாள் முழுவதும் அவன் இப்படித்தான் வராத சொல்லுக்கு வேறு சொல் போட்டு ஓட்டியிருக்கிறான், கடையில் 'தக்காளி' வாயில் வராவிட்டால் வெங்காயம் வாங்கிக்கொண்டு வருவான், ஆனால் இந்த மூன்று சொல்லுக்கும் மாற்று கிடையாது. இழுங்க, பிடிங்க, விடலாம். உடம்புக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பிறகு அந்த உப்பளத்துப் பெரியவர் வந்தார், சுயம்பு என்று பெயர். அவரை நினைக்கும்போது தனிஸ்லாஸ் நினைப்பை வேறு பக்கம் திருப்புவான், இப்போதும் திருப்பினான், சிவப்புப் பொத்தானைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை டாக்டர் செண்பகவல்லி சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: திங்கட்கிழமை இன்ஜினியர் வருகிறார், தமிழில் பதிவு செய்து கொடுத்தால் மெஷினில் ஏற்றித் தருவாராம், யார் குரல் கொடுக்கிறீர்கள்? தனிஸ்லாஸ் பஸ்ஸில் இருந்தான். கட்டைவிரல் தானாக எழுதியது: நான் தருகிறேன் மேடம். எழுத்தில் அவனுக்குத் திக்காது. அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று திரும்ப வாசித்தான். குழுவில் பதினோரு பேர் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது, நாலு நிமிஷம் ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை. அந்த நாலு நிமிஷத்தில் பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு டாக்டர் எழுதினார்: நல்லது தனிஸ், பென் டிரைவில் கொண்டு வாங்க.

அவன் சிவப்பை அமுக்கினான். எண்கள் ஓடத் தொடங்கின, ஒன்று, இரண்டு, மூன்று, யாருக்கும் காத்திருக்காமல். தனியாக இருந்தால் திக்காது என்று ஒரு நினைப்பு அவனுக்கு உண்டு. குளியலறையில் எத்தனையோ தடவை பெரிய பேச்சாளன் மாதிரி பேசியிருக்கிறான். ஆனால் இந்த எண்கள் ஓடுகிறபோது அறையில் யாரோ உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றியது, நாளைக்குக் கேட்கப்போகிறவர்கள் எல்லோரும் இப்போதே வந்து கட்டிலில் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். உதடு ஒட்டியது. ஒன்பது, பத்து, பதினொன்று. கழுத்து நரம்பு புடைத்தது. பதினான்காவது வினாடியில் "மூச்சை" என்று வெடித்து வந்தது, கூடவே மேஜையில் முழங்கால் இடித்தது. நிறுத்தி, போட்டுக் கேட்டான். தன் குரலை இப்படி அவன் கேட்டதே இல்லை. பிறர் தன்னைக் கேட்பது இதைத்தானா. வெறும் மௌனம், பிறகு பன்றி மாதிரி ஒரு முக்கல், பிறகு சொல். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' வராமல் எழுந்து நின்று வாயைத் திறந்துகொண்டிருப்பான், வாத்தியார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காத மனுஷர், சத்தம் வராததால் வரவில்லை என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த வருஷம் இருபத்திரண்டு நாள் அவன் முன்பெஞ்சில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கு வராமல் இருந்தான். அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்பா சிரித்துவிட்டார், அதுதான் அடியைவிட வலித்தது. சரி, அது போகட்டும். இந்தச் சிவப்பில் ஒரு பிழை வந்தால் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், நடுவில் வெட்டவும் ஒட்டவும் வழியில்லை. இது சரியாகப் பேசுகிறவர்களுக்காகச் செய்தது. அதை மூடினான்.

நீலத்தைத் திறந்தான். அது பெயர் கேட்டது, தட்டினான். மொழி கேட்டது, தமிழ் இருந்தது. பேசுங்கள் என்றது, பேசினான், முக்கினான், இடித்தான், பாதியில் இருமினான், "மூ" மட்டும் ஐந்து தடவை வந்தது, "பி" மூன்று தடவை. எல்லாம் சேர்த்து நாற்பது வினாடி. கீழே ஒரு பொத்தான் மினுக்கியது. சுத்தம் செய்க. அமுக்கினான். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு காதுக்குள் ஒரு ஆள் பேசினான். மூச்சை நல்லா இழுங்க அப்படியே பிடிங்க. அவ்வளவுதான். அது அவன் குரல். அவனுடைய அதே கொஞ்சம் கட்டைக் குரல், அதே 'ழு', ஆனால் வழியில் ஒரு கல் இல்லை, பள்ளம் இல்லை. தனிஸ்லாஸ் அதைப் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டுக் கேட்டான். இந்த ஆள் ஒருவன் நாற்பத்தொரு வருஷமாக எனக்குள்ளேயே இருந்திருக்கிறான், இவனுக்குக் கல்யாண வீட்டில் மைக் கொடுத்திருப்பார்கள், இவன் தக்காளி வாங்கியிருப்பான், இவனை டெக்னீஷியனாக இல்லாமல் வேறென்னவாகவோ ஆக்கியிருப்பார்கள். கண் கலங்கியது. இதுதான், இதைத்தான் பென் டிரைவில் போட வேண்டும், 'விடலாம்' ஒன்றையும் இப்படியே சொல்லிவிட்டால் முடிந்தது வேலை. முடிந்ததா? நாளையிலிருந்து இந்த ஆள் பேசுவான், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காகத்தான் கையைத் தூக்கினேனா, நோயாளிகளுக்காகவா இல்லை இனிமேல் அந்த மைக்கைத் தொடாமல் தப்பிப்பதற்காகவா. இரண்டும்தான் என்று ஒரு மனசு சொன்னது. தப்பிப்பதற்காகத்தான் என்று இன்னொன்று சொன்னது. சும்மா இரு, நல்ல காரியம் நடந்தால் போதாதா என்று மூன்றாவது ஒன்று. இந்த மூன்றும் பேசிக்கொள்ளும்போது ஒன்றுக்காவது திக்குகிறதா பார்.

"என்ன பண்ணுதீங்க உள்ள? கதவு ஜன்னல்லாம் சாத்திக்கிட்டு?" மெற்றில்டா வாசலில் நின்றாள், கையெல்லாம் செதில். சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. அவன் சொன்னான், சொல்லி முடிக்க வழக்கமான நேரம் பிடித்தது, அவள் வழக்கம்போல நடுவில் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல் நின்று கேட்டாள். கல்யாணமான புதிதிலேயே அவள் அப்படித்தான், மற்றவர்கள் மாதிரி வாக்கியத்தைப் பிடுங்கி முடித்துவைக்க மாட்டாள். கேட்டுவிட்டு, "எங்க, போடுங்க பாப்போம்" என்றாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். "நீங்கதானா இது?" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான், அது வருகிற மாதிரி வந்து எங்கேயோ நின்றது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இருங்க, நான் நோயாளி கணக்கா படுக்கேன்" என்று கட்டிலில் மல்லாக்கப் படுத்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். போன வருஷம் அவளுக்கே அவன்தான் ஸ்கேன் எடுத்தான், பழைய மெஷினில், அன்றைக்கு மட்டும் மைக்கிலும் அவனே சொன்னான். "ம், போடுங்க."

போட்டான். அவள் நெஞ்சு பாதி எழும்பியது, அப்படியே தடுமாறி இறங்கியது. "இன்னொரு தடவ." மறுபடியும் அப்படித்தான். அவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "இழுக்கதுக்குள்ளயே பிடிக்கச் சொல்லுதானே இவன். காலுல வெந்நிய ஊத்திக்கிட்டு நிக்கான்." அப்போதுதான் தனிஸ்லாஸுக்கு உறைத்தது. நீலம் திக்கலை மட்டும் வெட்டவில்லை. 'இழுங்க'வுக்கும் 'அப்படியே'வுக்கும் நடுவில் அவன் வேண்டுமென்றே விட்ட மூன்று வினாடியையும் வெட்டியிருந்தது, அவன் மூச்சு வாங்கிய சத்தத்தையும் துடைத்திருந்தது. அதற்கு மௌனம் என்றாலே தடங்கல். ஆனால் அந்த மௌனத்தில்தான் விலா எலும்பு விரியும். பதினோரு வருஷமாகக் கண்ணாடி வழியாக அவன் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான், பயந்த நெஞ்சுக்கு இரண்டரை வினாடி, ஆஸ்துமாக்காரருக்கு நாலு, குழந்தை பெற்ற பெண்ணுக்கு அடிவயிற்றுத் தையல் இழுப்பதால் அரைகுறையாக ஒன்று, பிறகு இன்னொன்று. ஊரில் மூச்சை இவ்வளவு நேரம் பார்த்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள். திரையில் தேடினான், அமைதியை வெட்டாதே என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தது, அதை எடுத்துவிட்டால் திக்கலும் சேர்ந்து திரும்பி வந்தது.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். நினைப்பு, இத்தனை நேரம் தட்டிக்கழித்த இடத்துக்கே போய் நின்றது, இந்தத் தடவை திருப்ப முடியவில்லை. "சு-சு-சுயம்புன்னு ஒருத்தர்" என்று தொடங்கினான். மெற்றில்டா கட்டிலிலேயே காலை மடித்து உட்கார்ந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால். உப்பளத்தில் வேலை பார்த்துப் பாதம் வெடித்துப்போன மனுஷர், சொன்னபடி மூச்சை இழுத்தார், பிடித்தார், படம் முடிந்தது, 'விடலாம்' வரவில்லை. 'போதும்' சொல்லக் கூடாது என்று அன்றைக்குத்தான் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தான். வி. வி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது, கால் விரல்கள் மடங்கின, சொன்ன சொல் மீறாத மனுஷர், இவன் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் எழுந்து ஓடிக் கதவைத் திறந்து கையால் சைகை காட்டினான். வெளியே அவர் மகனிடம் சொன்னது இவன் காதில் விழுந்தது: உள்ள இருக்க தம்பி என்னைய மறந்துட்டாருப்பா. மறக்கவில்லை. அதைத்தான் அன்றிலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, நான் உங்களை மறக்கவில்லை, உலகத்தில் அந்த நிமிஷம் உங்களைத் தவிர வேறு ஒன்றையும் நான் நினைக்கவில்லை. இதை மெற்றில்டாவிடம் சொல்லி முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் நகத்தில் ஒட்டியிருந்த ஒரு செதிலைச் சுரண்டி எடுத்தாள். பிறகு, "அவருக்கு ஒண்ணும் ஆகலல்லா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினான். "பெறவென்ன. போன வருஷம் எனக்கும் லேட்டாத்தான் சொன்னீங்க. நீங்க விடச் சொல்லுததுக்கு முன்னாலயே நான் விட்டுட்டேன். மூச்சு முட்டுனா தானா விட்டுருவாங்க, உங்க வாயப் பாத்துக்கிட்டா இருப்பாங்க?" "நீ சொ-சொல்லவே இல்லையே." "கேட்டீங்களா?" என்று எழுந்தாள். "கொழம்பு தாளிக்கணும். அந்தச் சாம்பல் கலர்ல ஒண்ணு கெடக்கே, அதையுந்தான் பாருங்களேன்."

சாம்பலைத் திறந்தபோது அவனுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை, ஆனால் ஏனோ நெஞ்சில் கனமும் இல்லை. தானா விட்டுருவாங்க. இத்தனை எளிதாக ஒரு விஷயம் இருக்க முடியுமா. அவள் சமாதானத்துக்குச் சொல்லியிருக்கலாம். இருக்கட்டும், சமாதானம்தானே. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு பதிவுப் பொத்தானை அமுக்கிச் சொன்னான். இந்தத் தடவை 'மூ'வில் ஐந்து வினாடிதான் நின்றான், மற்றவை சுமாராக வந்தன. திரையில் அவன் குரல் ஒரு கோடாக வரைந்துகொண்டே போயிற்று. திக்கிய இடத்தில் கோடு மெலிந்து நடுங்கிக் கிடந்தது, பார்த்தால் அவ்வளவு பெரிய அவமானமாகத் தெரியவில்லை, விரல் அகலம்கூட இல்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்று மறுபடி பதிவை அமுக்கினான். அமுக்கியதும் திடுக்கிட்டான். பழைய பதிவு காதில் ஓடத் தொடங்கிவிட்டது. பாட்டுக்காரர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாடிச் சேர்ப்பதற்காக அந்த மென்பொருள் செய்கிற வேலை அது, இவனுக்குத் தெரியாது, எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நினைத்து நிறுத்தக் கையை நீட்டினான். அதற்குள் காதில் அந்த ஆள், அவனேதான், உதடு ஒட்டிக்கொண்டு திணறத் தொடங்கினான். தனிஸ்லாஸுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. பாவம், கூட ஒருத்தன் சேர்ந்து சொன்னால் என்ன. காதில் "மூ" உடைந்து வெளியே வந்த அதே நொடியில் இவனும் சொன்னான். மூச்சை நல்லா இழுங்க. இரண்டு குரலும் ஒன்றாக. அப்படியே பிடிங்க. விடலாம். எங்கேயும் நிற்கவில்லை.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அசைந்தால் போய்விடும் என்பது போல. கூடச் சேர்ந்து சொன்னால் திக்காது. இது அவனுக்குத் தெரியாததா. கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து செபம் சொல்லும்போது ஒருநாளும் திக்கியதில்லை. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நின்று வாக்குறுதி சொல்ல வேண்டிய நேரம், பின்னால் முந்நூறு பேர், 'தனிஸ்லாஸ் ஆகிய நான்' என்று தொடங்க வேண்டும், உலகத்திலேயே அவனுக்குக் கடினமான சொல் அவன் பெயர்தான். 'த'வில் நாக்கு பல்லோடு ஒட்டியது. பங்குச்சாமியார் அவசரப்படவில்லை. தன் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல், அவனோடு சேர்ந்து வாய்க்குள் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் முழுசையும் சொல்லி முடித்தான். பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறான், தேவைப்படும்போதெல்லாம் கூடச் சேர்ந்து சொல்ல ஒருத்தருக்கு எங்கே போவது என்று. தானே போதும் என்று தோன்றியதில்லை. அந்தத் திக்கிய பதிவே, அதுவும் அவன் சொந்தக் குரலே, இப்போது பக்கத்தில் நின்று கூடச் சொன்னது.

நாலு தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் காதில் அந்த ஆள் திணறினான், ஒவ்வொரு தடவையும் அவன் உடைந்து வெளியே வருகிற நொடிக்காக இவன் காத்திருந்தான், வந்ததும் கூடப் போனான். நாலாவது நன்றாக இருந்தது. பழைய கோட்டை மௌனமாக்கிவிட்டுப் புதியதை மட்டும் போட்டுக் கேட்டான். குரலில் எண்ணெய் வழுக்கல் இல்லை. நீலத்தில் கேட்ட ஆள் அளவுக்கு இவன் கெட்டிக்காரன் இல்லை. 'மூ' கொஞ்சம் நீண்டிருந்தது, மூ…ச்சை என்று, நுனியில் லேசான ஒரு நடுக்கத்தோடு. சாம்பலில் அந்த நீட்டத்தை மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்குத் தேர்ந்தெடுத்து வெட்டிவிடலாம், வெட்டினான், கேட்டான். அவசரமாக இருந்தது. திரும்ப ஒட்டினான். இந்த நீட்டம் இருந்தால் படுத்திருக்கிறவர், ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று காதைக் கொடுப்பார், அதற்குள் அவருக்குத் தயாராகிவிடத் தோன்றும். இல்லை, என் திக்கலுக்கு நானே வக்கீலாகப் பேசுகிறேனா. நாளைக்கு இன்ஜினியர் போட்டுக் காட்டும்போது ரிசப்ஷனில் யாராவது உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தால்? சிரிக்கலாம். டாக்டர் வேண்டாம் என்றால்? என்றால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, சாம்பல் இலவசம், முப்பது நாள் கணக்கும் அதற்கு இல்லை. மெஷின் இதைச் சொன்ன பிறகும் பலகையிலிருந்து இறங்க வருகிறவர்களுக்கு மெதுவா எந்திரிங்க என்று நான்தான் சொல்ல வேண்டும், அதற்கும் ஒரு 'மெ' இருக்கிறது, அதை நேருக்கு நேர் நின்று சொல்லிக்கொள்ளலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் படுத்திருக்கப் போவதில்லை. நீலத்தையும் சிவப்பையும் மூடினான். இழுங்க, பிடிங்க ஒரு துண்டாகவும் விடலாம் தனித் துண்டாகவும் இன்ஜினியர் கேட்டிருந்தபடி பிரித்துச் சேமித்தான். பென் டிரைவைச் செருகி ஏற்றினான். ஏறியது.

கடைசியாக ஒரு தடவை ஸ்பீக்கரில் கேட்டுவிடுவோம் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான். அடுப்படியில் மெற்றில்டா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், சரக் சரக் என்று ஒரே தாளத்தில். முதல் துண்டைப் போட்டான். மூ…ச்சை நல்லா இழுங்க, என்றது அவன் குரல். மூன்று வினாடி. அப்படியே பிடிங்க. அடுப்படியில் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. தன் மார்பும் நிமிர்ந்து நிற்பதைத் தனிஸ்லாஸ் அப்போதுதான் கவனித்தான். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அவன் விரல் இரண்டாவது துண்டின்மேல் இருந்தது, அமுக்க எந்த அவசரமும் இல்லை. ஐந்து வரை எண்ணிவிட்டு அமுக்கினான். "விடலாம்." அவன் விட்டான். அடுப்படிப் பக்கமும் நீளமாக ஒரு மூச்சு வந்து விழுந்தது, பிறகு துருவுகிற சத்தம் திரும்பத் தொடங்கியது.